பவுனுவின் முதுகு

சிவப்பு விழுந்துவிட்டது.

ஸ்கேன் வளைவின் உச்சியில் அந்த விளக்கு எரிந்ததுமே வரிசையில் பேச்சு நின்றுபோனது. பின்னால் நின்ற ஒருவர் தன் மட்டக் குதிரையைக் கடிவாளத்தோடு இழுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனார், சிவப்பு ஏதோ ஒட்டுவாரொட்டி என்பதுபோல. இத்தனைக்கும் போன வாரம்கூட இதே பவுனுவின் முதுகில்தான் அவர் வீட்டு அரிசி மலையேறியது. மனுசப் புத்திக்கு எந்த ஊரிலும் மருந்து கிடையாது.

வளைவுக்குள் நின்ற பழுப்புப் பெட்டைக் குதிரை பவுனுவுக்கு இதெல்லாம் தெரியாது. வாலை வீசி ஒரு ஈயை விரட்டியது. கழுத்தை நீட்டி டாக்டர் நவமணியின் சட்டைப் பையை முகர்ந்தது. பையில் வெல்லம் இருக்கும் என்று அதற்குப் பழக்கம்.

கரட்டுப்பட்டி அடிவாரத்தில் நிற்கும் இந்த ஸ்கேன் வண்டிக்கு நவமணிதான் பொறுப்பு. குதிரைக்கு மயக்க ஊசி வேண்டாம், படுக்கவைக்க வேண்டாம். நின்ற வாக்கில் தலையிலிருந்து குளம்பு வரை எலும்பு, தசை, நாளம் எல்லாவற்றையும் படம் பிடித்துவிடும். அதோடு விட்டிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்தக் குதிரைக்குக் கால் முறியுமா என்பதையும் முன்கூட்டியே சொல்கிறது. பச்சை என்றால் ஆறு மாதத்துக்கு ஆளேற்றலாம். சிவப்பு என்றால் ஆறு மாதத்துக்குள் கால் போய்விடும். காதில் பொருத்திய சில்லில் அந்த நிமிடமே தடை ஏறும். அப்புறம் ஆளைச் சுமந்து வந்தால் வனத்துறை கேட் திறக்காது. ஊர்க்காரர்கள் இதற்கு ஆரூடப் பெட்டி என்று கேலியாகத்தான் பெயர் வைத்தார்கள். பெட்டி சொன்னது வரிசையாகப் பலிக்க ஆரம்பித்ததும் கேலி ஓடிவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

வண்டியின் பக்கவாட்டில் ஆளுயர எழுத்தில் ஒரு வாசகம்: ‘சுழி பார்க்காதே! எலும்பைப் பார்!’ நவமணி எழுதிக் கொடுத்ததுதான். மயிர் எந்த இடத்தில் சுழித்திருக்கிறது என்று பார்த்து, கல் மாதிரி இருக்கிற குதிரையையும் ராசி இல்லை என்று தள்ளிவிடுகிற வழக்கத்தை ஒழிக்காமல் விடுவதில்லை என்று கல்லூரி நாளிலேயே சபதம் போட்டவள். இந்த வண்டியை இந்த மலைக்குக் கொண்டுவர அவள் ஏறாத அலுவலகம் இல்லை.

“டாக்டரம்மா.” பவுனுவின் சொந்தக்காரர் மாயழகு தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், முகத்தில் ரத்தம் இல்லை. “எப்பத்தா ஒடியும்?”

“எப்பன்னு சொல்லாதுண்ணே. ஆறு மாசத்துக்குள்ளன்னுதான் சொல்லும்.”

“நாளைக்கு ஒடியாதுல்ல?”

“நாளைக்கு என்ன?”

“எம்மக ஒச்சம்மா தொட்டிமலையில நெறமாசமா இருக்கா. கையி காலு வீங்கிப்போச்சு. இன்னும் தாமதிச்சா ஆகாது, ஒடனே கீழ கொண்டாந்துருங்கன்னு நர்சம்மா போன்ல சொல்லிப்புட்டாக. இன்னைக்குப் பச்சை வாங்கிட்டுப் போயி, நாளைக்கு விடிஞ்சதும் பவுனு மேல வெச்சுக் கூட்டியாரதாத்தேன் ஏற்பாடு.”

தொட்டிமலைக்கு ரோடு கிடையாது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவே ஒற்றையடிப் பாதை. அவ்வளவுதான் அந்த ஊருக்கும் உலகத்துக்கும் உள்ள உறவு.

“டோலி கட்டித் தூக்கிட்டு வர முடியாதா?”

“தூக்க ஆளு எங்கத்தா இருக்கு? வயசுப் பெயலுக பூராம் கேரளாவுக்கும் திருப்பூருக்கும் போயிட்டாங்கெ, எம் மருமகனும் சேத்தி. இருக்கிறதெல்லாம் எங்கள மாதிரி மூட்டு வலிக்காரங்கெதேன்.”

“பறக்குற ஆம்புலன்ஸு?”

“மேகம் தரையில கெடக்கு. அது பாதி மலை வந்து, வழி தெரியலன்னு திரும்பிரும்.”

“ஊர்ல வேற குதிரை?”

“ஒண்ணு கெழடு. இன்னொண்ணுக்குப் போன வருசம் நீங்கதேன் சிவப்பு குடுத்தீக. அது இப்ப இல்ல.”

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நவமணிக்குத்தான் குத்தியது.

அவளுக்கு முன்னால் இருந்த கணக்கு இதுதான். பெட்டி சொல்வது சரியாக இருந்து அவள் விட்டுவிட்டால், நிறைசூலியைச் சுமந்துகொண்டு அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் வரும்போது குதிரையின் கால் முறியும். தாயும் பிள்ளையும் குதிரையும் ஒன்றாகப் போவார்கள். பெட்டி சொல்வது தப்பாக இருந்து அவள் தடுத்தால், இறங்க வழியில்லாமல் அந்தப் பெண் மலையிலேயே கிடந்து சாவாள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கையெழுத்து அவளுடையது.

“கொஞ்சம் இருங்கண்ணே. நான் ஒருதடவ பாத்துக்குறேன்.”

வரிசையைக் கலைத்து அனுப்பிவிட்டு, பவுனுவை மண் தரையில் நடக்கவிட்டாள், ஓடவிட்டாள், வட்டம் அடிக்கவிட்டாள். காலைத் தூக்கி ஒவ்வொரு மூட்டாக மடக்கிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து விட்டாள். நொண்டல் இல்லை, சூடு இல்லை, வீக்கம் இல்லை. கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குதிரை ‘உனக்கு வேற வேலையே இல்லையா’ என்பதுபோலத் திரும்பிப் பார்த்தது.

திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாலு காலின் படங்களையும் ஒவ்வொரு அடுக்காகத் தள்ளிப் பார்த்தாள். மயிரிழை விரிசல், எலும்புக்குள் ரத்தக் கசிவு, தேய்மானம், ஏதாவது ஒன்று வேண்டுமே! ஒன்றும் இல்லை. பாடப் புத்தகத்தில் போடத்தக்க எலும்புகள்.

“மேடம், மறுபடி எடுத்துப் பாக்கலாமா?” என்றாள் உதவியாளர் ஜெசிந்தா. எடுத்தார்கள். மறுபடி சிவப்பு.

“ஜெசி, இதுக்குப் போன மாசி மாசம் பச்சை வந்திருக்கு. அந்தப் படத்த எடு.”

இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்தார்கள். கால் எலும்புகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தினால் அச்சு அசலாகப் பொருந்தின. நவமணிக்கு எரிச்சலில் அழுகை வந்தது. எலும்பு மாறவில்லை என்றால் விளக்கு ஏன் மாறியது? கடைசியில், யாரும் ஏறிட்டும் பார்க்காத அந்த வெளிப்படத்துக்கு வந்தாள். குதிரை நேராக நிற்கிறதா என்று சரிபார்க்க வளைவு எடுக்கும் சாதாரணப் புகைப்படம் அது. மாசி மாதத்தில் பவுனுவின் முதுகில் கம்பளியும் சேணமும் இருந்தன. இன்றைக்கு வெறும் முதுகு.

“சேணத்தோட எப்படி எடுத்த?”

ஜெசிந்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அன்னைக்கு நீங்க லீவு மேடம். திடீர்னு நல்ல மழை. குதிரை நனையுது, சேணத்தோடயே எடுத்துரும்மான்னு அந்த அண்ணன் கெஞ்சுனாரு. சரி, கால்தானே முக்கியம்னு...”

இன்றைக்குக் காலையிலும் மாயழகு கெஞ்சியது நவமணிக்கு ஞாபகம் வந்தது. ‘சேணம் இருக்கட்டுமே தாயி, அதுக்குக் கூச்சம்.’ அவள்தான் விதியைச் சொல்லிக் கட்டாயமாகக் கழற்றச் சொன்னாள். எழுந்து வெளியே போனாள். அதற்குள் அவர் பழையபடி கம்பளியைப் போட்டுச் சேணத்தைக் கட்டியிருந்தார்.

“சேணத்த எடுங்கண்ணே.”

“இப்பத்தேன கட்டுனேன்.”

“எடுங்க.”

அவர் வாரை அவிழ்த்த விதத்தைப் பார்த்தால் தன் வேட்டியையே அவிழ்க்கச் சொன்னதுபோல் இருந்தது. கம்பளி விலகியதும், சுழி பார்ப்பதில்லை என்ற பிடிவாதத்தில் காலையில் கவனிக்காமல் விட்ட முதுகை நவமணி பார்த்தாள். முதுகெலும்புக்கு இருபுறமும், ஒன்றுக்கொன்று நேர் எதிராக, ஓட்டைக் காசு அளவில் இரண்டு சுழி.

“பாடைச்சுழி,” என்றாள்.

மாயழகு தலையைக் குனிந்துகொண்டார். பாடையின் இரண்டு கொம்பு மாதிரி முதுகின் இரு பக்கமும் விழுகிற சுழி அது. அந்தக் குதிரையில் ஏறுகிறவன் பாடை ஏறுவான் என்பார்கள். அதை வாங்குகிறவனைப் பார்த்து ஊரே வாயில் கையை வைக்கும்.

“தெரிஞ்சுதான் வாங்குனீங்களா?”

“வித்தவன் சுழிக்குப் பயந்து யாருகிட்டயாச்சும் தள்ளுனாப் போதும்னு நின்னான். எனக்கு வேற குதுரைக்கு வக்கில்ல. அன்னையிலருந்து தெனம் ஏறி எறங்குறேன், பாடையும் வரல கீடையும் வரல. பவுனு மாதிரி குதுரை எட்டுச் சீமையில கெடையாதுத்தா.”

“நம்பிக்கை இல்லன்னா அப்புறம் எதுக்கு மூடி வெச்சீங்க?”

“நா நம்பலத்தா. ஊரு நம்புதே! தெரிஞ்சா இது மேல எவ ஏறுவா? எம் பொஞ்சாதிக்கே தெரியாது.”

நவமணியின் மனதில் ஓர் எண்ணம் எட்டிப் பார்த்தது. அது அவ்வளவு அசட்டுத்தனமாக இருந்ததால் வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருந்தது. “சேணத்தோட உள்ள விடுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

பச்சை.

“எடுத்துட்டு விடுங்க.”

சிவப்பு.

மாயழகு கையெடுத்துக் கும்பிட்டார், யாரை என்று அவருக்கே தெரியாது. ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஜெசி, வாத்தியாரைக் கூட்டிட்டு வா. அப்படியே உன் சீப்பையும் தேங்காய் எண்ணெயையும் எடுத்துக்கோ.”

வாத்தியார் என்பது முகாமின் சொந்தக் குதிரை. மிரளுகிற குதிரைகளுக்கு வளைவுக்குள் எப்படி நிற்க வேண்டும் என்று நின்று காட்டுவது அதன் உத்தியோகம். தினமும் காலையில் கருவியைச் சரிபார்க்க முதல் படம் அதற்குத்தான் எடுப்பார்கள். ஒருநாளும் பச்சை தவறியதில்லை. அதன் முதுகில் நவமணி எண்ணெய் தடவி, சீப்பின் நுனியால் மயிரைச் சுழற்றிச் சுழற்றி வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என இரண்டு சுழி செய்தாள். பச்சையே வரட்டும், நான் பைத்தியக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

சிவப்பு.

“அட கர்த்தாவே,” என்றாள் ஜெசிந்தா. “சீப்பாலயே ஆயுசு முடிஞ்சுபோச்சே வாத்தியாருக்கு.”

நவமணிக்குச் சிரிப்பு வரவில்லை. கருவி செய்த கம்பெனியின் பொறியாளர் கிரிதரைப் போனில் பிடித்தாள். எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அந்தப் பக்கம் அவன் பதறுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ உற்சாகமாகிவிட்டான்.

“சூப்பர் மேடம்! இது எங்களுக்கே புதுசு.”

“என்ன சூப்பர்? எலும்பைப் பாக்குதுன்னு சொல்லித்தானே குடுத்தீங்க?”

“எலும்பையும் பாக்கும் மேடம். நாங்க அதுகிட்ட எல்லாப் படத்தையும் கொட்டிடுவோம். எந்தக் குதிரைக்கு அப்புறம் கால் போச்சுன்னும் சொல்லிடுவோம். கால் போனதுல எல்லாம் பொதுவா என்ன இருக்குன்னு அதுவே தேடிக்கும். உங்க பக்கத்துக் குதிரைங்கள்ல அந்தச் சுழி இருந்திருக்கு போல.”

“மயிர் சுழிச்சா எலும்பு முறியுமாய்யா?”

“அது எனக்குத் தெரியாது மேடம். ஆனா முறிஞ்சிருக்கே! நீங்க சிவப்பு குடுத்த குதிரைங்க லிஸ்ட் என் முன்னாடி இருக்கு. பத்துல ஒன்பது முறிஞ்சிருக்கு.”

அந்த ஒரு நிமிடத்தில் நவமணிக்குத் தொட்டிமலையின் இன்னொரு குதிரை ஞாபகம் வந்தது. சிவப்பு விழுந்ததும் அதை ஒரு செங்கல் சூளைக்காரன் ஓட்டிக்கொண்டு போனான். சிவப்புக் குதிரை எல்லாமே சூளைக்குத்தான் போகும். அதற்கு முந்திய காலத்தில் சுழிக் குதிரை எல்லாம் போன அதே சூளை.

“கிரிதர், கேளுங்க. ராசியில்லாத குதிரைய யாரும் வீட்டுல வெச்சுக்க மாட்டாங்க. சூளைக்குத் தள்ளுவாங்க. அங்க அரை வயிறு தீனி, ரெட்டைப் பாரம், காலுக்கு லாடம்கூடக் கெடையாது. முறியாம என்ன செய்யும்?”

“அப்போ பெட்டி சொன்னது கரெக்ட்தானே மேடம்? முறியும்னு சொல்லுச்சு, முறிஞ்சுது.”

“முறியல. நாம முறிக்கிறோம்! முன்னாடி சுழியப் பாத்து முறிச்சோம், இப்ப உங்க சிவப்பைப் பாத்து முறிக்கிறோம்.”

“அது சமூகப் பிரச்சினை மேடம். அதுக்கு வேற டிபார்ட்மென்ட் இருக்கும்,” என்றான் அவன், கொஞ்சமும் கிண்டல் இல்லாமல். “சுழியை மறைச்சிட்டா கணிப்போட துல்லியம் குறைஞ்சிடும். மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. இன்னொண்ணு, சொல்லலாமா தெரியல, வெளிப்படத்தை மட்டும் வெச்சே கிட்டத்தட்ட அதே அளவு சரியா சொல்லுது. அதனால இனிமே வளைவே வேண்டாம்னு முடிவு. ரோட்டோரக் கம்பத்துல கேமரா வெச்சா போதும், போற வர்ற குதிரைக்கெல்லாம் கணிச்சிடும். உங்க ஏரியாவுல கம்பம் நட்டாச்சே, பாக்கலையா?”

பார்த்திருந்தாள். தெருவிளக்குக்கு என்று நினைத்திருந்தாள்.

போனை வைத்தாள். வெறும் முதுகோடு எடுத்த படம்தான் செல்லும் என்பது புது விதி. சேணத்தோடு எடுத்த பச்சையை ஏற்ற வேண்டுமென்றால் ‘முதுகு திறந்திருந்தது’ என்று பொய் சொல்ல வேண்டும். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் வேலை போகும், பட்டம் போகும். அதுகூடப் பரவாயில்லை. இரண்டு உயிர் போகுமே! சுழிதான் சிவப்பைக் கொண்டுவந்தது என்பது நிச்சயம். ஆனால் அதனாலேயே கால் பத்திரம் என்று ஆகிவிடுமா? பெட்டி தப்பான காரணத்துக்காகச் சரியான பதிலைச் சொல்லியிருந்தால்?

மறுபடியும் அந்த எலும்புகளைப் பார்த்தாள். கண் எரிகிற வரை பார்த்தாள். பச்சை, சிவப்பு என்று யாரும் விளக்கு போட்டுக் காட்டாத காலத்தில் ஒரு மருத்துவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தாள். பிறகு பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“அண்ணே, சேணத்த எங்கயும் கழட்டக் கூடாது. கேட்டுகிட்ட ஒரு கம்பம் நிக்கும். அதுக்கு இது தெரியக் கூடாது.”

“நா எதுக்குத்தா கழட்டப் போறேன்,” என்றார் மாயழகு. “இத்தன வருசமா மூடுன கையி.”

மறுநாள் காலையிலிருந்தே தூறல். நவமணி முகாமைத் திறக்கவில்லை. வனத்துறை கேட்டுக்குப் பக்கத்தில் டீக்கடைக் கூரையின் கீழ் நின்றாள். மேலே மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றுமே இல்லை. வாங்கிய டீ ஆறிப்போனது. நனைந்த கம்பளி நழுவுமே என்று ஒரு கவலை, வார் இறுக்கமாக இருந்தால் குதிரை மூச்சுத் திணறுமே என்று ஒரு கவலை. எங்கோ மேலே கல் உருளும் சத்தம் கேட்டது. ஒரு கல் அல்ல, வரிசையாக நாலைந்து கல். அவள் கேட்டின் இரும்புக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! எலும்பைப் பார்க்கத் தெரியும் என்ற திமிரில் ஒரு பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோய் அங்கே ஏற்றிவிட்டேனே!

“என்னக்கா, பேய் அறைஞ்சாப்புல நிக்கிறீக?” என்றான் டீக்கடைக்காரன். அவள் கம்பியை விடாமல் மேலேயே பார்த்தாள்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம், பனிக்குள் முதலில் இரண்டு காது தெரிந்தது.

பவுனு அவசரப்படவே இல்லை. ஈரப் பாறையில் முன்னங்காலை வைத்து, ஊன்றிப் பார்த்து, அப்புறமே அடுத்த காலை எடுத்தது. சேணத்தில் கட்டிய மரச்சட்டத்தில் சாய்ந்தபடி, போர்வைக்குள் ஒச்சம்மா. வலது பக்கம் மாயழகு, செருப்பில்லாத காலில் ரத்தம்.

“சறுக்குனது நாந்தேன்,” என்றார். “அது சறுக்கல.”

கம்பத்துக் கண் ஒருதரம் பச்சையாக மின்னியது. கேட் திறந்தது. நவமணி பவுனுவின் நாலு காலையும் தடவிப் பார்த்தாள், வெல்லம் கொடுத்தாள், நெற்றியோடு நெற்றி வைத்துக்கொண்டாள். ஒச்சம்மா உதட்டைக் கடித்தபடி, “அக்கா, வலி எடுத்துருச்சுக்கா. பாதி வழியிலயே எடுத்துருச்சு. அப்பாகிட்ட சொல்லல,” என்றாள்.

மகப்பேறு நிலையம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. நர்ஸ் அவளைப் படுக்கவைத்து, வயிற்றுக்கு மேலே, குதிரை வளைவைப் போலவே ஒரு சின்ன ஸ்கேன் வளைவை இழுத்து நிறுத்தினாள். நவமணி வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன வளைவின் உச்சியில் விளக்கு எரிந்தது.

சிவப்பு.

“இங்க எடுக்க முடியாதும்மா,” என்றாள் நர்ஸ், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே. “சிவப்புன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். டாக்டர் தொடவே மாட்டாரு. ஏதாச்சும் ஆச்சுன்னா எங்க நிலையத்துக்குல்ல கெட்ட பேரு.”

“பெரிய ஆஸ்பத்திரி இங்க இருந்து எம்புட்டுத் தூரம்? போற வழியிலயே பெறந்துரும்!” என்றார் மாயழகு.

“அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?”

“படத்தக் காட்டுங்க,” என்றாள் நவமணி.

“நீங்க குதிரை டாக்டர்தானே?”

“ஆமா. காட்டுங்க.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, நர்ஸ் திரையைத் திருப்பினாள். குழந்தையின் தலை கீழே. துடிப்பு சீர். நச்சுக்கொடி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றவில்லை. கை கால் வீங்கியிருந்தாலும் ரத்த அழுத்தம் அளவோடுதான் இருந்தது. நவமணி அதையெல்லாம் தள்ளிவிட்டு நேராக வெளிப்படத்துக்குப் போனாள். வீங்கிய வயிற்றுக்குக் கீழே, இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்புக் கயிறு. அதில் முடிந்த ஒரு வேர்த்துண்டு.

“மலையிலேருந்து வர்ற எல்லாப் பொண்ணுங்களும் இதைக் கட்டியிருப்பாங்களா?”

“ஆமா, அது அவுங்க வழக்கம். மாசமானதும் கட்டிருவாங்க.”

“அவங்களுக்கெல்லாம் என்ன விழும்?”

“மலைக்காரவுங்களுக்கு எப்பவுமே சிவப்புதான். பெட்டி பொய் சொல்லாதுங்க. பாவம், பாதிப் பேரு பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரவே மாட்டாங்க,” என்றாள் நர்ஸ். தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குக் கேட்கவில்லை.

நவமணி ஒச்சம்மாவின் பக்கத்தில் குனிந்தாள். “ஒச்சம்மா, இந்தக் கயித்தைக் கொஞ்ச நேரம் அவுத்துக்கலாமா?”

அந்தப் பெண் இரண்டு கையாலும் கயிற்றைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ வேணாங்கக்கா! புள்ளைக்குக் காவலு. அவுத்தா ஆகாது.”

இவளிடம் எந்தப் பேச்சு எடுபடும்? பெட்டியும் கயிற்றைப் பார்த்துப் பயப்படுகிறது, இவளும் கயிற்றை விடப் பயப்படுகிறாள். நவமணி மாயழகைப் பார்த்தாள். அவர் கயிற்றைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். நேற்று வளைவுக்கு முன்னால் சேணத்தைப் போட்டும் கழற்றியும் நின்ற மனிதர். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“அப்பன் கையில குடு ஆத்தா,” என்றார் மகளிடம். “கதவுக்கு வெளியில நா புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒம் புள்ளைய நா காவக்காக்குறேன்.”

முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். மறுபடி வளைவு இறங்கியது. பச்சை எரிந்ததும் நர்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்தாள். “வாம்மா, வா கண்ணு, பயப்படாத,” என்றாள். அதே வாய்தான். உள்ளே பார்த்து, “டாக்டரைக் கூப்பிடுங்க, பச்சைக் கேசு!” என்று குரல் கொடுத்தாள். கதவு சாத்திக்கொண்டது. மாயழகு கயிற்றை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு கதவோடு கதவாக நின்றார்.

நவமணி வெளியே வந்தாள். வேப்ப மரத்தடியில் பவுனு கட்டியிருந்தது. காலையிலிருந்து சேணம் இறங்கவில்லை. நனைந்த கம்பளிக்குக் கீழே வியர்த்து ஆவி பறந்தது. பாவம், இத்தனை செய்த உயிருக்கு ஒரு வாய் காற்றாவது வேண்டாமா? வாரை அவிழ்த்து, கம்பளியோடு சேணத்தைச் சரித்து ஒதுக்கினாள். குதிரை உடம்பைச் சிலிர்த்து நீளமாக மூச்சு விட்டது. தேய்த்துவிட்டாள். ஈர மயிருக்குள் அந்த இரண்டு சுழியும் பளிச்சென்று தெரிந்தன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய வண்டி நின்றது, பக்கவாட்டில் அந்த ஆளுயர எழுத்தோடு.

உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. நல்ல கணீரென்ற அழுகை. நவமணிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், நிலையத்தின் வாசலில் புதிதாக நட்டிருந்த கம்பத்தைப் பார்த்தாள். அதன் உச்சியிலிருந்த கண் ரோட்டைப் பார்த்துவிட்டு, மெதுவாக மரத்தடியை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது.

அவள் அவசர அவசரமாகக் கம்பளியை இழுத்துப் பவுனுவின் முதுகை மூடினாள்.